ஆங்கிலச் சொல்லுக்குப் பூர்வீகம் தேடுவது எப்படி: கொரண்டம் வழியாக ஒரு பாடம்

'எய்ட் என்பது நம் எட்டு, ரைஸ் என்பது நம் அரிசி, ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது' என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலில் சில சொற்கள் உண்மையிலேயே நம்முடையவை. பல சொற்களுக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லை. எய்ட் பழைய ஆங்கிலத்தில் எயாஹ்டா, ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஒக்டோ. எட்டைப் போல ஒலிப்பது தற்செயல், அவ்வளவுதான். எது உண்மை, எது தற்செயல் என்று பிரிக்க ஒரு முறை இருக்கிறது. மொழியியல் பட்டம் வேண்டாம். இணைய வசதி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

முறையைச் சும்மா விளக்கினால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். சொல்: கொரண்டம். ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தியே இருக்க மாட்டார்கள். நிலவியல் படித்தவர்கள், நகை மதிப்பீட்டாளர்கள், பட்டறைக்காரர்கள் வாயில்தான் புழங்கும். ஆங்கிலத்துக்கு இது தென்னிந்தியாவிலிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. தென்னிந்தியாவில் யாரிடமிருந்து என்று கேட்டால்தான் சுவாரசியம் தொடங்குகிறது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன் அது குறிக்கும் பொருள் என்ன, யார் அதைப் பயன்படுத்தினார்கள், எங்கே கிடைத்தது என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தாண்டிவிட்டு நேராக அகராதிக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஒரே மாதிரி ஒலிக்கிற எதைப் பார்த்தாலும் அதுதான் வேர் என்று தோன்றும்.

கொரண்டம் ஒரு கனிமம், அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவில் 9; வைரம் 10. அதே கனிமம் சிவப்பாக, தெளிவாக இருந்தால் மாணிக்கம். நீலமாக இருந்தால் நீலக்கல். மங்கலாக, சாம்பலும் பழுப்புமாக இருப்பது நகைக்கு ஆகாது, ஆனால் மற்றக் கற்களைத் தேய்க்கவும் பட்டை தீட்டவும், வைரப்பொடியை விட்டால், அதைவிட நல்ல பொருள் அந்தக் காலத்தில் கிடையாது. பொடியாக்கி அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்வார்கள். சேலம், தருமபுரி வட்டாரங்களிலும், கரூர் காங்கேயம் பக்கமும், பழைய மைசூர்ப் பகுதியிலும் இது கிடைக்கிறது.

இவ்வளவு தெரிந்ததும் நமக்குத் தேடல் குறிப்பு கிடைத்துவிடுகிறது. இந்தச் சொல் வந்திருந்தால் கல் தேய்க்கிறவர்கள், ரத்தின வியாபாரிகள், கல் சேகரிக்கும் ஐரோப்பியர்கள் வழியாக வந்திருக்க வேண்டும். கவிஞர்கள் வழியாகவோ பாதிரிமார்கள் வழியாகவோ வந்திருக்க வாய்ப்பு குறைவு. எந்த மாதிரிப் பழைய புத்தகத்தைத் திறப்பது என்பதை இது தீர்மானிக்கும்.

அகராதியில் சின்னச் சொற்களைப் படியுங்கள்

ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். எல்லோரும் அதில் மொழிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது மொழிப் பெயருக்கு முன்னால் வரும் சொல்லை. 'இதிலிருந்து' என்றால் நேர் வம்சாவளி. 'இதற்கு உறவு' என்றால் அண்ணன் தம்பியாகவோ பங்காளியாகவோ இருக்கலாம், அப்பா என்று அகராதி சொல்லவில்லை. 'ஒருவேளை' என்று இருந்தால் தொகுப்பாளருக்கே முழு நம்பிக்கை இல்லை.

மெரியம்-வெப்ஸ்டரில் கொரண்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ் 'குருந்தம்' என்று நேராகச் சொல்லிவிட்டு, சமஸ்கிருத 'குருவிந்த'வுக்கு உறவு என்கிறது; அதற்குப் பொருள் மாணிக்கம். சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் 'கொரண்டம் சமஸ்கிருதச் சொல்' என்று எழுதுகிறவர்களும், சமஸ்கிருதத்தை அடியோடு விட்டுவிட்டு 'சுத்தத் தமிழ்' என்று கொண்டாடுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிதான் இந்தத் துறையில் பெரியது. இணையத்தில் அதற்குக் கட்டணம் உண்டு. சில நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அதன் முதல் பதிப்பு காப்புரிமை முடிந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சொற்பிறப்பு அகராதிகள் வசதியானவை. ஆனால் பெரும்பாலும் மற்ற அகராதிகளைச் சுருக்கித் தருபவை. தொடங்குவதற்கு நல்ல இடம், முடிப்பதற்கு அல்ல.

பழைய அச்சைத் தேடுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலில் எப்போது, எந்த வடிவத்தில், யார் கையால் அச்சேறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூகுள் புக்ஸ், ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மூன்று மின்னூலகங்களும் போதும்.

தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டால் பாதி ஆதாரம் தவறிவிடும். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்ததை அவரவர் இஷ்டத்துக்கு எழுதினார்கள். சி எழுத்துக்குப் பதில் கே, ஓ எழுத்துக்குப் பதில் யூ, நடுவில் ஒரு வி, கடைசியில் எம் எழுத்து இல்லாமல் என்று எல்லா வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள். பிரெஞ்சில் கொரிந்தோன் என்கிறார்கள். இந்துஸ்தானியில் குரண்ட். இவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணினி பழைய அச்சைப் படிக்கும் விதத்தையும் மனதில் வையுங்கள். அன்றைய அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் நீளமாக, எஃப் மாதிரி இருக்கும். கொரண்டத்துக்கு அன்று 'அடமன்டைன் ஸ்பார்' என்றொரு பெயரும் உண்டு. கணினி அந்த ஸ்பாரை எஃப் போட்டுப் படித்திருக்கும்; சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. ஆர், ஐ என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி விழுந்தால் என் என்ற ஒரே எழுத்தாகத் தெரியும். 'கொரிவிண்டம்' என்று இருக்க வேண்டியது 'கொன்விண்டம்' என்று வந்து நிற்கும். அதனால் தேடல் முடிவில் வரும் வரியை நம்பாதீர்கள், பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். பத்திரிகைத் தொகுதிகளின் தேதியும் அடிக்கடி தவறாக இருக்கும். தொகுதி தொடங்கிய ஆண்டையே எல்லா இதழ்களுக்கும் போட்டிருப்பார்கள். தலைப்புப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஆண்டைக் குறிக்க வேண்டும்.

இப்படித் தேடினால் கொரண்டத்துக்கு மூன்று முக்கியமான தடயங்கள் கிடைக்கின்றன.

முதலாவது ஆங்கிலமே அல்ல. 1666 வாக்கில் கோல்கொண்டா பக்கம் வந்த பிரெஞ்சுப் பயணி தெவெனோ ஒரு வெள்ளை எமரிக்கல்லைப் பற்றி எழுதுகிறார் (எமரி என்பது தேய்த்து மெருகேற்றப் பயன்படும் கடினமான கல்). அது இந்த நாட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கற்களாகக் கிடைக்கிறது, தெலுங்கு மொழியில் அதற்குப் பெயர் 'கொரிந்த்' என்கிறார். எந்த மொழி என்று அவரே சொல்லிவிட்டது நம் அதிர்ஷ்டம். பழைய பயணிகள் பலர் 'மலபார் மொழி', 'ஜென்டு மொழி' என்று நம்மைக் குழப்புவார்கள். அவர்கள் கணக்கில் மலபார் பெரும்பாலும் தமிழ், ஜென்டு தெலுங்கு.

இரண்டாவது ஜான் உட்வர்ட். லண்டனில் மருத்துவர், கிரெஷாம் கல்லூரியில் பேராசிரியர், கல்லும் புதைபடிவமும் சேர்ப்பதில் பித்து. 1728இல் இறந்தார். அந்தச் சமயத்தில் வெளிவந்த அவருடைய சேகரிப்புப் பட்டியலில் இந்தியாவிலிருந்து வந்த இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'நெல்ல கொரிவிண்டம்'. நெல் விளையும் வயல்களில் கிடைப்பது, வயல் எலிகள் தோண்டி வெளியே தள்ளுவது, நாம் எமரியைப் பயன்படுத்துவது போல அங்கே இரும்பைத் தேய்க்கப் பயன்படுவது என்று குறிப்பு. இன்னொன்று 'தெல்ல கொரிவிண்டம்'. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது, சாம்பல் நிறத்தில் லேசாகப் பச்சை ஓடியது, மாணிக்கத்தையும் வைரத்தையும் தேய்க்கப் பயன்படுவது. உட்வர்ட் கற்களை வைத்திருந்த மர அலமாரிகள் கேம்பிரிட்ஜில் செட்ஜ்விக் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

மூன்றாவது சார்லஸ் கிரெவில். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் காதலி எம்மா ஹாமில்டன் கதையைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். எம்மாவை அதற்கு முன்னால் வைத்திருந்தவர் இவர்தான். கனிமச் சேகரிப்பில் அவர் காலத்தில் பெரிய ஆள். அவர் சேகரிப்பைப் பிற்பாடு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. 1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவிலிருந்து வரும் கொரண்டம் கல்லைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இன்றைக்கு நாம் எழுதும் அதே எழுத்துக்கூட்டல் அதில் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அறிவியல் உலகில் அடமன்டைன் ஸ்பார் தோற்று, கொரண்டம் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

கைமாறிய வழியைப் பாருங்கள்

தடயங்களை ஆண்டு வரிசையில் வைத்துவிட்டு நடுவில் இருந்த மனிதர்களைத் தேடுங்கள். சொல் தானாகக் கடல் தாண்டாது.

இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதியைக் கட்டாயம் பாருங்கள். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும் தொகுத்தது, முதல் பதிப்பு 1886, வில்லியம் குரூக் சேர்த்துத் திருத்திய பதிப்பு 1903. பர்னெல் தென்னிந்தியாவில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அதனால் தென்னிந்தியச் சொற்களில் இந்த நூல் மற்ற ஆங்கில அகராதிகளைவிட ஆழம். கொரண்டம் பதிவில் தெவெனோவின் வரி அப்படியே இருக்கிறது. தெலுங்கில் குருவிந்தம், தமிழில் குருந்தம், இரண்டாவதுதான் ஆங்கிலச் சொல்லுக்கு நேர் மூலமாக இருக்கலாம் என்பது யூலின் தீர்ப்பு.

சரி, அப்படியானால் உட்வர்டின் 'கொரிவிண்டம்'? அதில் நடுவில் 'வி' இருக்கிறதே? இந்த மாதிரி ஒட்டாத இடத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

'நெல்ல'வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே நெல் தெரியும். வேறு என்ன வேண்டும், நெல் வயலில் கிடைக்கிறது என்று உட்வர்டே எழுதியிருக்கிறார்! இல்லாவிட்டால் 'நல்ல' குருவிந்தம். இரண்டும் அழகான விளக்கங்கள். ஆனால் ஒரு கல்லின் பெயரை மட்டும் விளக்கினால் போதாது, இரண்டு கற்களின் பெயரும் சேர்ந்து விளங்க வேண்டும். நெல் என்று வைத்துக்கொண்டால் 'தெல்ல' என்ன? தமிழில் தெள்ளிய என்று இழுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் கல்லுக்கு அப்படிப் பெயர் வைக்கிற வழக்கம் இல்லை. தெலுங்கில் பாருங்கள்: நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. சந்தைக்கடையில் எந்தப் பொருளையும் இரண்டு தரமாகப் பிரிக்கும் சாதாரணச் சொற்கள். கறுப்புக் குருவிந்தம் இரும்புக்கு, வெள்ளைக் குருவிந்தம் ரத்தினத்துக்கு. சாம்பல் என்று உட்வர்ட் தரும் நிறமும் பொருந்துகிறது. நெல் வயல் அந்தக் குறிப்பில் இருப்பது தற்செயல் என்பதே என் வாசிப்பு.

சென்னைக் கோட்டையில் தெலுங்குப் பெயர் எப்படி என்று கேட்கலாம். 1639இல் அந்த இடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள். கோட்டையைச் சுற்றி வியாபாரம் செய்தவர்களில் தெலுங்குச் செட்டிமார்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, மதராஸுக்கு வந்த வைரம் கிருஷ்ணா ஆற்றங்கரைச் சுரங்கங்களிலிருந்து, கோல்கொண்டா வட்டாரத்திலிருந்து வந்தது. வைரத்தோடு ரத்தினம் தேய்க்கும் கல்லும், கல்லோடு அதன் பெயரும் வந்திருக்கிறது. தெவெனோ சொன்ன தெலுங்குக் கொரிந்தும் இதே பக்கத்துக் கதைதான்.

ஆக, காகிதத்தில் தெரியும் வரலாறு இப்படி இருக்கிறது: ஐரோப்பியர் காதில் முதலில் விழுந்தது தெலுங்கு வடிவம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலைத்தது தமிழ் வடிவத்தோடு ஒத்துப்போகும் கொரண்டம். 'தமிழிலிருந்து' என்று ஒற்றைச் சொல்லில் அகராதி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்கிறது.

பிறந்த வீட்டு அகராதிகள்

இப்போதுதான் தமிழ் அகராதியைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862. தெலுங்குக்கு சி.பி. பிரவுன், 1852. திராவிட மொழிகளை ஒன்றாக வைத்துப் பார்க்க பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, திருத்திய பதிப்பு 1984. இவற்றில் பெரும்பாலானவையும் ஹாப்சன்-ஜாப்சனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ், கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில்.

இந்த அகராதிகளில் ரோமன் எழுத்தில் தேடும்போது ஒரு சின்னச் சிக்கல். தமிழ்ப் பேரகராதி ந்த-வை ஆங்கில என், டீ (T) என்று எழுதும்போது அந்த 'டீ' தாத்தா என்பதில் வரும் வல்லின த-வுக்கு உரிய எழுத்து. நாம் உச்சரிப்பது மெலிந்த ஒலி, ஆங்கிலேயர் டி (D) போட்டு எழுதியதும் அந்த மெலிந்த ஒலிதான். தமிழ் எழுத்திலேயே தேடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தேடினால் குருந்தக்கல் கிடைக்கும், குருவிந்தம் கிடைக்கும். குருந்தம் என்று இன்னொன்றும் கிடைக்கும்: குருந்த மரம். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகரை ஆட்கொண்ட இறைவன் வீற்றிருந்ததாகச் சொல்லும் அதே குருந்து. காட்டு எலுமிச்சை வகை. மரத்தடியில் கல் கிடைத்தது, அதனால் கல்லுக்கு மரத்தின் பெயர் என்று கதை கட்டுவது சுலபம். எழுத்து ஒன்று, சொல் வேறு. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு உரையாவது, ஒரு செய்யுளாவது பாலம் போட்டால் பார்க்கலாம். அதுவரை தனித்தனியாகவே வையுங்கள். சமஸ்கிருத குருவிந்தவிலும் இதே கதைதான்: மோனியர் வில்லியம்ஸ் அதே சொல்லுக்குச் செடிகளின் பெயரும் தருகிறார், மாணிக்கமும் தருகிறார்.

பழைய இலக்கியத்தையும் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைவீதி வரும். 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று மாணிக்க வகைகள் நான்கு. அங்கே விந்தம் என்பது குருவிந்தம் என்று உரை சொல்கிறது. நம் ரத்தின வியாபாரிகள் வாயில் இந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று. ஆனால் உட்வர்டுக்குக் கல் அனுப்பியவர் சிலப்பதிகாரம் படித்துவிட்டு அனுப்பவில்லை. ஒரு சொல் தமிழில் பழையது என்று நிறுவுவது ஒரு வேலை, ஆங்கிலம் அதைத் தமிழிலிருந்து எடுத்தது என்று நிறுவுவது வேறு வேலை. இரண்டையும் கலக்கிற கட்டுரைகள்தான் இணையத்தில் அதிகம்.

ஒலிக்குக் கணக்குக் கேளுங்கள்

ஒவ்வோர் ஒலியும் எப்படி மாறியது என்று கேட்க வேண்டும். குருந்தத்தின் 'கு' ஏன் 'கொ' ஆனது? ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விட்டது. முதல் உயிர் மங்கிவிட்டது, எழுத்தில் ஓ வந்தது. நம் ந்த, ஆங்கிலத்தில் பல்லில் நாக்கு படும் ஒலி இல்லாததால், ஆங்கில டி (D) ஒலியானது. அதையே நாம் திரும்பத் தமிழில் எழுதும்போது 'ண்ட' போட்டுக் கொரண்டம் என்கிறோம். வெளிநாடு போய்த் திரும்பிய நம் சொல்லை நமக்கே அடையாளம் தெரியாமல் போவது இப்படித்தான். கடைசியில் வரும் 'அம்' ஆங்கிலத்தில் யூ, எம் என்று எழுதப்பட்டதும் அச்சு அசல் லத்தீன் மாதிரி ஆகிவிட்டது. பள்ளியில் ஆரம் (தங்கம்), ஃபெர்ரம் (இரும்பு) என்று லத்தீன் படித்த ஐரோப்பியருக்கு அந்தத் தோற்றம் வசதியாகவும் இருந்திருக்கும். முடிவைப் பார்த்து லத்தீன் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஓரெழுத்துக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று எழுத்துகளுக்கு 'மருவியது' என்ற ஒரே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தால் அந்த வேரைச் சந்தேகியுங்கள்.

ஒப்புமையில் விழாமல் இருக்க

இரண்டு உதாரணங்கள் தெரிந்திருந்தால் போதும்.

கேஷ் என்ற சொல் காசு என்பதிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்தது. பெட்டி என்று பொருள்படும் லத்தீன் காப்ஸாவில் போய் முடியும், தமிழுக்குச் சம்பந்தமில்லை. இன்னொரு கேஷ் சின்ன நாணயத்தின் பெயர். கம்பெனி கால மதராஸில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் கேஷ்தான் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. இரண்டும் பணத்தைப் பற்றியவை, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், ஆனால் பூர்வீகம் வேறு.

அனகொண்டா இன்னும் சுவை. தென்னமெரிக்கப் பாம்புக்கு ஆனைக்கொன்றான் என்று தமிழ்ப் பெயரா? யூலே தமிழ் விளக்கத்தை முன்வைத்தவர்தான். காகிதத்தைப் பார்ப்போம். 1693இல் ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஜான் ரே வெளியிட்ட விலங்கு நூலில், நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகப் பாம்புகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் எருமைகளின் உறுப்புகளை நொறுக்கும் பாம்பு, இலங்கையர் அதை 'அனகண்டையா' என்பார்கள் என்று குறிப்பு. ஆக, இலங்கை என்பது உறுதி. ஆனால் நொறுக்குவது எருமையை, யானையை அல்ல. 1897இல் ஃபெர்குசன் என்பவர் சிங்கள 'ஹெனகந்தயா'வை எடுத்துக்காட்டினார். அது மெல்லிய பச்சைப் பாம்பின் பெயர். அருங்காட்சியகத்தில் இரண்டு பாம்புகளின் சீட்டுகள் மாறிப்போய், மெல்லிய பாம்பின் பெயர் மலைப்பாம்புக்கு ஒட்டிக்கொண்டது என்பது அவர் விளக்கம். இதற்கிடையில், ரேவுக்குப் பின்னால் 1768இல் ஒரு ஸ்காட்லாந்துப் பத்திரிகையில், இலங்கையில் அனகொண்டா புலியை நொறுக்கியதை நேரில் பார்த்ததாக ஒருவர் விஸ்தாரமாக எழுதி அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். இலங்கையில் புலியே கிடையாது. தென்னமெரிக்கப் பாம்புக்கு அந்தப் பெயர் போனது அதற்கும் பிறகு. இன்றைய அகராதிகள் சிங்கள விளக்கத்தின் பக்கம் சாய்கின்றன. ஆனைக்கொன்றான் கேட்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அதற்குக் காகித ஆதாரம் மெலிவு.

எழுதும் முறை

நோட்டில் ஒவ்வொரு தடயத்துக்கும் ஐந்து விஷயம் குறியுங்கள்: ஆண்டு, சொல் எழுதப்பட்டிருந்த வடிவம், எழுதியவர், எந்த இடத்தைப் பற்றி எழுதினார், அந்த முழு வாக்கியம். முழு வாக்கியம் முக்கியம். உட்வர்டின் 'நெல்ல கொரிவிண்டம்' என்ற பெயரை மட்டும் குறித்துவிட்டு 'தெல்ல'வையும் நிறத்தையும் விட்டிருந்தால், நெல்லில்தான் போய் நின்றிருப்போம்.

முடிவை எழுதும்போது உறுதியைத் தரம் பிரித்து எழுதுங்கள். கொரண்டத்துக்கு நான் இப்படி எழுதுவேன்: தென்னிந்தியச் சொல் என்பது உறுதி. முதல் ஐரோப்பியப் பதிவுகள் தெலுங்கு வடிவம் என்பதற்கு தெவெனோவின் சாட்சி நேரடி, உட்வர்டின் நல்ல-தெல்ல வலுவான துணை. நிலைத்த வடிவம் தமிழ்க் குருந்தத்தோடு பொருந்துகிறது. சமஸ்கிருத குருவிந்த உறவு.

நேரம் இருந்தால் சொல்லின் பிள்ளைகளையும் தேடுங்கள். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் ஒரு மின்னுலையில் கடினமான படிகங்களை உண்டாக்கினார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். 1893இல் காப்புரிமை கிடைத்தது. உண்மையில் அதில் கொரண்டம் இல்லை, அது சிலிக்கன் கார்பைடு. பொருள் தவறாகப் போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சாணைச் சக்கரமும் உப்புத்தாளும் செய்கிறது. பட்டறையில் 'கார்பரண்டம் கல்லை எடு' என்று சொல்கிற பையன் வாயில் பாதி லத்தீன், பாதி குருந்தம்.

அடுத்து எதை எடுப்பது என்று கேட்டால், முலிகடானியை எடுக்காதீர்கள், மிளகுத்தண்ணீர் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ஷெரூட் நல்ல பயிற்சி. சுருட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் வேறு ஐரோப்பியர் யாராவது நிற்கிறார்களா என்று தேடுங்கள். காயர் (கயிறு), டீக் (தேக்கு) இரண்டிலும் மலையாளமா தமிழா என்ற கேள்வி எழும். அங்கே போர்த்துகீசியர் எந்தக் கரையில் முதலில் இறங்கினார்கள் என்று பார்த்துவிட்டு அகராதியைத் திறங்கள்.